கீறல் அலங்காரச் சீனப் பீங்கான் கிண்ணங்களும் தமிழகக் கடல் வணிகக் காலக்கணிப்பும்

ஆய்வுச்சுருக்கம்
தமிழக அகழாய்வுகளில் கிடைத்துள்ள சீனப் பீங்கான் ஓடுகளைச் ‘சீன ஓடு’ என்று மட்டும் குறித்தால், அவற்றுள் பொதிந்துள்ள கால வேறுபாடு மறைந்துவிடும். கிண்ணங்களின் கீறல் அலங்காரம் அவ்வேறுபாட்டை மீட்க உதவும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பீங்கான், கீறல் அலங்காரம், லாங்சுவான், பெரியபட்டினம், கடல் வணிகம்.

முன்னுரை
சோழர் தூதுக்குழுக்கள் கி.பி. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனம் சென்றதைச் சீன அரசு வரலாறுகள் குறிக்கின்றன. சீனத்தின் சுவான்சௌ நகரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1281ஆம் ஆண்டைச் சார்ந்தது. இவ்வெழுத்துச் சான்றுகளுக்கு இடைப்பட்ட ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுக் கால வணிகத்தை அறியப் பொருட்சான்றுகளே பெரிதும் துணை நிற்கின்றன. அவற்றுள் பீங்கான் முதன்மையானது. அது உடையும்; ஆனால் மக்கி அழிவதில்லை.

கீறல் அலங்காரத்தின் இயல்பு
கிண்ணத்தைச் சக்கரத்தில் வனைந்து, ஓரளவு உலர்ந்த நிலையில், கூரிய கருவியால் கோடு வரைவது கீறல். கத்தியைச் சாய்த்து மண்ணை அகற்றுவது செதுக்கல். பல்லுடைய கருவியால் இணைகோடுகள் இழுப்பது சீப்புக்கீறல். அச்சில் அழுத்திப் புடைப்புருவம் பெறுவது வேறொரு முறை. இவை அனைத்தும் மெருகுப்பூச்சுக்கு முன் நிகழ்வன. சூளையில் உருகும் மெருகு பள்ளங்களில் தேங்குவதால், அவ்விடங்களில் நிறம் அடர்ந்து கோலம் புலப்படுகிறது. மெருகிலுள்ள சிறிதளவு இரும்பு, உயிர்வளி குறைந்த சூளைச் சூழலில் பச்சை நிறம் தருகிறது. செலடன் எனப்படும் பச்சைப் பீங்கான் இவ்வாறு உருவாவதே.

காலவரிசை
செஜியாங் பகுதியின் லாங்சுவான் சூளைகளில், கிண்ணத்தின் உட்புறத்தில் கீறலும் சீப்புக்கோடும் இடும் முறை வடசோங் காலப் பிற்பகுதியிலும் தென்சோங் காலத் தொடக்கத்திலும் சிறந்திருந்தது. வெளிப்புறத்தில் தாமரை இதழ் செதுக்கும் முறை தென்சோங் காலத்தில் பரவியது. யுவான் காலத்தில் அச்சுப் புடைப்புருவங்கள் மிகுந்தன. ஜிங்தெசென் சூளைகளின் நீலவண்ண ஓவியப் பீங்கான் 14ஆம் நூற்றாண்டில் பெருவளர்ச்சி கண்டது. எனவே சீப்புக்கீறல் கொண்ட ஓடு சோழர் காலத்தையும், புடைப்புருவம் கொண்ட ஓடு பிற்காலப் பாண்டியர் காலத்தையும் சுட்டக்கூடும். இரண்டையும் ‘செலடன்’ என ஒன்றாக்கினால் இருவேறு வணிகக் காலங்கள் ஒன்றாகிவிடும்.

தமிழகச் சான்றுகள்
இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 1987இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிகழ்த்திய அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு ஆகியோரின் ஆய்வுகள் அவற்றைப் பெரும்பாலும் 13, 14ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியனவாகக் காட்டின. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டிலும் சீன ஓடுகள் கிடைத்துள்ளன. அரிக்கமேட்டில் 1945இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலரும் இடைக்காலச் சீன ஓடுகளைப் பதிவு செய்தார். துறைமுகம், தலைநகர், கைவிடப்பட்ட பழந்துறை என இம்மூன்றும் தன்மையால் வேறுபட்டவை. ஆகவே ஓடுகளின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுதல் பொருந்தாது. வகையையும் ஒப்பிட வேண்டும்.

எச்சரிக்கைகள்
அலங்காரம் ஒன்றையே கொண்டு காலம் கணித்தல் பிழைக்கு இடம் தரும். கீறல் முறை மிங் காலத்திலும் தொடர்ந்தது. தாய்லாந்தின் சி சச்சனாலைச் சூளைகளும் கீறல் கொண்ட பச்சைக் கலங்களை ஏற்றுமதி செய்தன. ஆதலால் மண்ணின் நிறம், அடிவளையத்தின் வெட்டு, மெருகு நின்றுள்ள எல்லை, கிடைத்த மண்ணடுக்கு ஆகியவற்றையும் இணைத்தே நோக்க வேண்டும். பழம்பொருள் சந்தையில் வரும் முழுக் கிண்ணத்திற்கு மண்ணடுக்கு இல்லை. அழகில் குறைந்த ஓர் உடைந்த ஓடு, கிடைத்த இடம் அறியப்பட்டிருப்பின், தமிழக வரலாற்றுக்கு அதனினும் மிகுந்த பயன் தரும்.

முடிவுரை
அகழாய்வு அறிக்கைகளில் ஒவ்வொரு சீன ஓட்டுக்கும் அலங்கார முறை, உட்புறமா வெளிப்புறமா என்னும் குறிப்பு, அடிவளைய வரைபடம் ஆகியன இடம்பெறுதல் வேண்டும். அவ்வாறு பதிவு செய்யப்படின், சோழர் கால வணிகம் பாண்டியர் காலத்தில் தொடர்ந்ததா, தடம் மாறியதா என்னும் வினாவை ஓடுகளைக் கொண்டே ஆராய இயலும்.