கணக்குத் தாளைக் கிழித்த மாணவி

ஈரானின் தலைநகர் டெஹ்ரானில் ஒரு பள்ளிக்கூடம். கணக்குப் பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். மரியம் மிர்சாகானிக்கு 20-க்கு 16 மார்க். அவளைவிட அதிகம் வாங்கியவர்களும் இருந்தார்கள். தாளைக் கிழித்துப் பைக்குள் திணித்தாள். இனிக் கணக்கே வேண்டாம் என்றாள்.

காரணம் என்ன? அந்த வருடத்து ஆசிரியர் அவளைக் கெட்டிக்காரி என்று எண்ணவில்லை. அவளுக்கும் தன்மேல் நம்பிக்கை போய்விட்டது.

அடுத்த வருடம் வேறு ஆசிரியர் வந்தார், உற்சாகப்படுத்தினார். பயம் பறந்தது!

1995-ல் சர்வதேசக் கணிதப் போட்டியில் 42-க்கு 42 மார்க்! தங்கப் பதக்கம்! 2014-ல் கணித உலகின் பெரும் பரிசான பீல்ட்ஸ் பதக்கம். அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். 2017-ல் 40 வயதில் காலமானார்.

பெற்றோர்களே! பிள்ளைக்கு மார்க் குறைந்தால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் தப்பு என்று கேளுங்கள்.