மகுடிக்கு ஆடாத பாம்பு

திருவிழாவிலோ கல்யாண ஊர்வலத்திலோ பேண்டு செட்டுக்காரர்கள் அந்த மெட்டை எடுத்துவிட்டால் போதும். ஒருவர் கைக்குட்டையின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மகுடி ஊதுவார். இன்னொருவர் தலைக்குமேல் கைகளைக் குவித்துத் தரையில் நெளிவார். 1954-இல் வெளிவந்த ‘நாகின்’ என்ற இந்திப் படத்தின் மெட்டு அது. இசை ஹேமந்த் குமார். அதில் கேட்பது மகுடியே இல்லை. பிற்காலத்தில் கல்யாண்ஜி–ஆனந்த்ஜி இரட்டையராகப் புகழ்பெற்ற கல்யாண்ஜி, கிளாவியோலின் என்ற மின்னிசைக் கருவியில் வாசித்தது.

பாம்பும் அந்த இசைக்கு ஆடுவதில்லை. அதற்கு வெளிக்காது கிடையாது. தரையின் அதிர்வை நன்றாக உணரும், காற்றில் வரும் ஒலியை ஓரளவுக்கு உணரும். பாம்பாட்டி மகுடியை இப்படியும் அப்படியும் அசைக்கும்போது, எதிரே ஆடும் பொருள் தன்னைத் தாக்க வருகிறதோ என்று நல்ல பாம்பு படமெடுத்து அதையே பார்த்துக்கொண்டு திரும்புகிறது. நாம் ரசித்து ஆடும் ஆட்டத்தில் பயந்துபோயிருப்பது பாம்புதான்.

இந்தப் பயத்தை நம் சினிமா மனிதன் பக்கம் மாற்றி வைத்தது. 1979-இல் துரை இயக்கத்தில் வந்த ‘நீயா’வில், தன் இணையைச் சுட்டுக் கொன்ற நண்பர் கூட்டத்தை ஒவ்வொருவராகப் பழிவாங்குகிறது ஒரு நாகம். 1976-இல் இந்தியில் வந்த இன்னொரு ‘நாகின்’ படத்தின் தமிழ் வடிவம் அது. அடித்த பாம்பு முகத்தை நினைவில் வைத்துத் தேடி வரும் என்ற நம்பிக்கை ஊரில் ஏற்கெனவே இருந்தது. நாகமாக நடித்த ஸ்ரீப்ரியாவின் கண்கள் அதற்கு உருவம் கொடுத்தன. இன்னொரு பக்கம் பாம்பு தெய்வம். ‘வெள்ளிக்கிழமை விரதம்’ (1974) முதல் இராம நாராயணனின் ‘ஆடி வெள்ளி’ (1990) வரை, குடும்பத்தைக் காக்கும் நாகங்கள் திரையில் வந்துகொண்டே இருந்தன. பழிவாங்கும் பாம்பு, வரம் தரும் பாம்பு. எலி தின்று வாழும் பாம்புக்கு மட்டும் கதையில் இடம் இல்லை.

பயத்துக்கு எதிரான வீரத்தையும் சினிமா தன் வழியில்தான் காட்டியது. ‘அண்ணாமலை’ (1992) படத்தில் ரஜினிகாந்தின் உடம்பில் பாம்பு ஏறி ஊரும் காட்சியைப் பார்த்துத் திரையரங்கம் சிரித்து அலறியது. பாம்பின் வாயைத் தைத்துவிட்டுத்தான் அப்போதெல்லாம் படப்பிடிப்புக்குக் கொண்டுவருவார்கள். அன்று வந்த பாம்புக்கு வாய் தைக்கப்படவில்லை என்பது காட்சி எடுத்து முடித்த பிறகே தெரியவந்ததாக இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணா பின்னாளில் சொல்லியிருக்கிறார். கேட்பவர்கள் எல்லாரும் நடிகர் தப்பித்ததை நினைத்தே பெருமூச்சு விடுகிறார்கள். வாய் தைக்கப்பட்ட மற்ற பாம்புகள் இரை எடுக்க முடியாமல் செத்திருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

திரையில் காட்டிய வீரங்களில் மிக ஆபத்தானது வேறொன்று. நாயகியின் காலில் பாம்பு கடித்துவிடும். நாயகன் வேட்டியைக் கிழித்து இறுகக் கட்டுவான், கத்தியால் கீறுவான், வாயை வைத்து விஷத்தை உறிஞ்சித் துப்புவான். அவள் கண் விழிப்பாள். எத்தனையோ படங்களில் வந்துவிட்ட இந்தக் காட்சி, கிராமத்தில் முதலுதவிப் பாடமாகவே பதிந்துபோயிருக்கிறது. இறுகக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகும். கீறினால், ரத்தம் உறையாமல் செய்யும் விரியன் விஷத்தால் ரத்தப்போக்கு நிற்காது. உறிஞ்சினால் விஷம் வெளியே வராது.

திரைக்கு வெளியே, காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையிலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையின் இரு பக்கமும் நெல் வயல். பாலாறும் ஏரிகளும் கொடுத்த மண். நெல் இருக்கும் இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் பாம்பு. களையெடுக்கப் போகிறவர்கள், இரவில் மடை திருப்பப் போகிறவர்கள், வைக்கோல் போரில் கை விடுகிறவர்கள், தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள் எல்லாருக்கும் பாம்பு அன்றாடக் கவலை. இதே காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் வட்டாரத்தில்தான் பாம்பைத் தேடிப்போகும் இருளர் பழங்குடியினரும் வாழ்கிறார்கள்.

இருளர் பாம்பு பிடிப்பதில் சினிமா பார்க்க வந்தவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். கையில் ஒரு கடப்பாரை, தோளில் துணிப்பை. வரப்போரம் மெதுவாக நடப்பார்கள். புழுதியில் ஊர்ந்த தடம், வளை வாயில் மண் வழுவழுப்பாகி இருப்பது, உரித்துப்போட்ட சட்டை, எச்சம் இவற்றைப் பார்த்தே உள்ளே இருப்பது சாரையா விரியனா, எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று கணிப்பார்கள். மணிக்கணக்கில் நடந்து வெறுங்கையோடு திரும்புவதும் உண்டு. பெண்களும் இந்த வேலையில் தேர்ந்தவர்கள். பயமே இல்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்வது தவறு. கடிபட்டவர்கள் அவர்களிலும் இருக்கிறார்கள். நல்ல பாம்பு எந்த நொடியில் பின்வாங்கும், கண்ணாடி விரியன் குக்கர் போலச் சீறும்போது எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகியவர்கள். அவர்களுடைய துணிச்சல் கவனிப்பிலிருந்து பிறந்தது.

ஒரு காலத்தில் இந்தத் திறமை தோல் வியாபாரத்துக்குப் போனது. ஆயிரக்கணக்கான பாம்புகளின் தோல் பதனிடப்பட்டுக் கைப்பையாகவும் செருப்பாகவும் வெளிநாடு சென்றது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொடர்ந்து தோல் ஏற்றுமதியும் தடைபட, இருளர்கள் பிழைப்பை இழந்தார்கள். சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து 1978-இல் உருவாக்கியதுதான் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும் உரிமம் பெற்றுப் பிடித்து வந்து, வாயில் துணி கட்டிய மண்பானைகளில் சில வாரம் வைத்திருக்கிறார்கள். சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையைக் கடிக்கவிட்டு விஷம் எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

அந்த விஷம் மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்த, அதன் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாகிறது. அதைப் பிரித்துச் சுத்திகரித்தால் விஷமுறிவு மருந்து. ராஜஸ்தானிலோ வங்காளத்திலோ பாம்புக்கடியில் பிழைத்தவரின் உடம்பில் ஏறிய மருந்துக்குப் பெரும்பாலும் மூலப்பொருள் தந்தது நம் பக்கத்து வரப்பில் பிடிபட்ட பாம்பாகத்தான் இருக்கும். இதில் ஒரு குறையும் உண்டு. ஒரே இனப் பாம்பின் விஷமும் ஊருக்கு ஊர் மாறுவதால், இந்த மருந்து எல்லாப் பகுதியிலும் ஒரே அளவுக்கு வேலை செய்வதில்லை. அந்தந்த வட்டாரத்து விஷத்தையும் சேர்க்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் வலியுறுத்துகிறார்கள்.

2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், சதுப்புநிலக் காடுகளில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களை அழைத்தது. அங்கிருந்தவர்கள் சாலையோரம் வண்டியில் போய்த் தேட, இவர்கள் புதருக்குள் நடந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்தில் பதுங்கியிருந்த 16 அடிப் பெண் பாம்பும் அதில் ஒன்று. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இந்த வாழ்க்கையைக் கதையாக்கியவர்கள் குறைவு. ஜை விட்டேக்கர் குழந்தைகளுக்காக எழுதிய காளியின் கதை அவற்றில் அருமையானது. பள்ளியில் யாரும் பேசாமல் ஒதுக்கிவைத்த இருளர் சிறுவன், வகுப்பறைக்குள் பாம்பு விழுந்ததும் எல்லாரும் ஓடுகையில் போய்ப் பிடிக்கிறான். அது விஷமற்ற சாரை என்று அந்த அறையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ‘ஜெய் பீம்’ (2021) இதன் கசப்பான மறுபக்கம். ஊர்த் தலைவர் வீட்டுக்குள் நுழைந்த பாம்பைப் பிடிக்க இருளரான ராஜாக்கண்ணுவைக் கூப்பிடுகிறார்கள். அந்த வீட்டில் நகை காணாமல் போனதும் முதலில் அவன்மீதுதான் பழி விழுகிறது. ஆபத்து வந்தபோது உள்ளே அழைத்த கை, ஆபத்து நீங்கியதும் அவனைத் திருடன் என்று சுட்டுகிறது. பாம்பு பிடிப்பவரைப் பற்றித் தமிழ் சினிமா சொன்ன உண்மைகளில் இதைவிடக் கூர்மையானது இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இதில் இறந்திருக்கிறார்கள் என்பது ஆய்வு மதிப்பீடு. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எங்கே எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்று தெரிந்தால்தான் அங்கே மருந்து இருப்பு வைக்க முடியும்.

கடிபட்டவர் செய்ய வேண்டியவை சினிமாவில் வருவதுபோல் இருக்காது. ஓடக்கூடாது, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், எலும்பு முறிவுக்குக் கட்டை வைப்பதுபோல் வைத்து, 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. ராத்திரி தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி, தொண்டை அடைப்பு, இமை திறக்க முடியவில்லை என்று சொன்னால் பாம்புக்கடியாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். கடித்த பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துவருவதற்காக நேரத்தை இழக்க வேண்டாம். இங்கே கொடுக்கப்படும் மருந்து அந்த நான்கு பாம்புகளுக்கும் சேர்த்துத் தயாரானது. எத்தனை மணிக்குக் கடித்தது, அதன் பிறகு உடம்பில் என்னென்ன மாற்றம் வந்தது என்று மருத்துவரிடம் சொன்னால் போதும்.