கெந்திங் மலைப் பேருந்து ஏன் தாமதமாகிறது? தாமதத்தைவிட அவசரமே ஆபத்து

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம் குடும்பங்களில் ஒரு பேச்சு எழும்: “பிள்ளைகளைக் கெந்திங்குக்கு அழைத்துப் போகலாமா?” தோட்டப்புறத்திலிருந்து வேன் பிடித்துப் போகிறவர்கள் உண்டு. கோலாலம்பூருக்கு வந்து பேருந்து ஏறுகிறவர்களும் உண்டு. போய் வந்த பிறகு பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும். “விளையாடிய நேரத்தைவிட வரிசையில் நின்ற நேரம்தான் அதிகம்” என்பார் ஒருவர். “ஐந்து மணிப் பேருந்து ஆறரைக்குத்தான் வந்தது” என்பார் மற்றொருவர்.

பேருந்து நிறுவனத்தைத் திட்டுவது எளிது. சில வேளைகளில் அது நியாயமும்கூட. ஆனால், விடுமுறை நாள் தாமதத்தின் பெரும்பகுதி மலையிலும் அதற்குப் போகும் சாலையிலும்தான் உண்டாகிறது. எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால், எப்போது புறப்படுவது, ஓட்டுநரிடம் எதைக் கேட்பது, முக்கியமாக எதைக் கேட்கக்கூடாது என்பது விளங்கிவிடும்.

இருவகைப் பயணிகள், ஒரே சாலை

பகாங் – சிலாங்கூர் எல்லையில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது கெந்திங் உல்லாசத் தலம். லிம் கோ தோங் 1965-இல் காட்டை வெட்டி மேலே சாலை போடும் வேலையைத் தொடங்கினார். முதல் தங்கும் விடுதி 1971-இல் திறக்கப்பட்டது. இன்றும் கோலாலம்பூரிலிருந்து போகிறவர்களுக்கு அந்த மலைச்சாலைதான் முதன்மையான வழி.

அந்தச் சாலையைத் தொட முதலில் கோம்பாக் டோல் சாவடியைக் கடந்து காராக் நெடுஞ்சாலையில் போகவேண்டும். கெந்திங் செம்பாவில் பிரிந்து, கோத்தோங் ஜெயா வழியாக மேலே ஏறவேண்டும். சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. காராக் நெடுஞ்சாலை கெந்திங்குக்கு மட்டும் உரியதல்ல. பெந்தோங், குவாந்தான், திரெங்கானு, கிளந்தான் போகும் வாகனங்களும் அதே ஏற்றத்தில்தான் போகின்றன. தொடர் விடுமுறையில் ஊருக்குத் திரும்புகிறவர்களும் உல்லாசப் பயணம் போகிறவர்களும் ஒரே காலை நேரத்தில் அங்கே சேர்ந்துவிடுகிறார்கள். கட்டப்பட்டுவரும் கிழக்குக்கரை இரயில் பாதை சேவையைத் தொடங்கும்போது, கிழக்குக்கரைப் பயணிகளில் ஒரு பகுதியினர் இரயிலுக்கு மாறக்கூடும். ஆனால், அந்த இரயில் மலையைக் குடைந்து கீழே போகுமே தவிர, கெந்திங் உச்சிக்கு ஏறாது.

பத்தாங் காலியிலிருந்து மேலே வரும் இன்னொரு சாலையும் உண்டு. 2022 டிசம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் அந்தப் பக்கத்து முகாம் தளத்தில் நேர்ந்த நிலச்சரிவில் 31 பேர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அதன்பின் அந்தச் சாலை மூடப்பட்டது. மலைச்சாலை எப்போதும் திறந்திருக்கும் என்று நம்பிவிட முடியாது. ஒரு வழி அடைபட்டால் மொத்தச் சுமையும் மற்ற வழியின் தலையில் விழும்.

ஏற்றத்தில் ஒரு கார் நின்றால்

சமதளத்தில் பழுதான காரை ஓரமாகத் தள்ளிவிடலாம். மலை ஏற்றத்தில் அது அவ்வளவு எளிதல்ல. குடும்பத்தையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு, குளிர்சாதனத்தையும் போட்டுக்கொண்டு, நின்று நின்று ஏறும் பழைய கார்கள் சூடேறிப் புகை கக்குவதை விடுமுறை நாள்களில் பார்க்கலாம். ஒரு கார் நின்றுவிட்டால் ஒரு தடம் போய்விடும். எல்லா வாகனங்களும் மிச்சத் தடத்துக்கு மாறும். மூடுபனியோ மழையோ சேர்ந்துகொண்டால் வேகம் இன்னும் குறையும்.

இந்த வரிசையில்தான் பேருந்தும் நிற்கிறது. பேருந்துக்கென்று தனித் தடம் இல்லை. நாற்பது பேரை ஏற்றிவரும் பேருந்துக்கும் ஒருவரே அமர்ந்துவரும் காருக்கும் சாலையில் கிடைப்பது ஒரே மரியாதைதான்.

மேலே எத்தனை பேர்?

2019-இல் கெந்திங்குக்கு வந்தவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 2 கோடியே 87 லட்சம். ஆண்டு முழுவதற்கும் பகிர்ந்தால் நாளொன்றுக்குச் சராசரியாக 78,000-க்கு மேல் வருகிறது. மக்கள் அப்படிச் சராசரியாகப் பகிர்ந்துகொண்டு வருவதில்லை. சனி, ஞாயிறு, பொது விடுமுறை என்று குவிகிறார்கள். 2022 பிப்ரவரியில் ஸ்கைவோர்ல்ட்ஸ் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்ட பின் பிள்ளைகளோடு வரும் குடும்பங்களுக்கு மற்றொரு காரணமும் கிடைத்துவிட்டது.

கோலாலம்பூரிலிருந்து வரும் பேருந்துகள் பல நேராக உச்சிக்குப் போவதில்லை. பாதி மலையில், பிரிமியம் அவுட்லெட்ஸ் பேரங்காடியை ஒட்டிய அவானா பேருந்து முனையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து கேபிள் காரில் ஏறவேண்டும். 2016 இறுதியில் ஓடத் தொடங்கிய அந்த அவானா ஸ்கைவே ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர் நீளம். ஒரு பெட்டியில் 10 பேர். மணிக்கு அதிகபட்சம் 3,600 பேரை ஏற்றிச்செல்லும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மேலே உள்ள ஃபர்ஸ்ட் வோர்ல்ட் ஹோட்டலில் மட்டும் 7,351 அறைகள். உலகிலேயே அதிக அறைகள் கொண்ட ஹோட்டல் என்ற கின்னஸ் சாதனையைப் பெற்றது அது. எல்லா அறைகளும் நிறைந்து, அறைக்கு இருவர் என்று வைத்துக்கொண்டால் 14,700 பேர். அவர்கள் அத்தனை பேரும் கேபிள் காரிலேயே இறங்க நினைத்தால், பெட்டிகள் ஒன்றுவிடாமல் நிரம்பிப் போனாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எல்லாரும் கேபிள் காரில் இறங்குவதில்லைதான். ஆனால் இது ஒரே ஒரு ஹோட்டல். அன்றாடம் வந்து திரும்புகிறவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இடி மின்னலோ பலத்த காற்றோ வந்தால் கேபிள் காரை நிறுத்தித்தான் ஆகவேண்டும். அப்போது மாற்றுப் பேருந்து விட்டாலும், அதுவும் அதே சாலையில்தான் ஓடவேண்டும்.

காலைத் தாமதம் மாலையில் பெருகும்

“காலையில் நெரிசல் இருந்தது சரி. மாலைப் பேருந்து ஏன் தாமதம்?” என்று கேட்கலாம். ஒரே பேருந்து நாள் முழுக்க மேலும் கீழும் ஓடுவதுதான் காரணம்.

காலை 8 மணிக்குக் கோலாலம்பூரில் புறப்படும் ஒரு பேருந்தை எடுத்துக்கொள்வோம். அட்டவணைப்படி அது 9.15-க்கு அவானாவை அடைந்து, அரை மணி நேரத்தில் ஆள் ஏற்றி, 11 மணிக்குக் கோலாலம்பூர் திரும்பி, 11.30-க்கு அடுத்த பயணம் புறப்படவேண்டும். முதல் ஏற்றத்திலேயே நெரிசலால் 45 நிமிடம் போனால், 11.30 பேருந்து 12.15-க்குத்தான் கிளம்பும். இரண்டாவது ஏற்றத்தில் இன்னும் 30 நிமிடம் போனால், 1.15-க்குக் கீழே இறங்கவேண்டிய பேருந்து 2.30-க்குத்தான் புறப்படும். ஓட்டுநருக்குச் சாப்பாடும் ஓய்வும் வேண்டும். ஐந்து மணிப் பேருந்து ஆறரைக்கு வருவது இப்படித்தான்.

இதில் நிறுவனங்களின் பொறுப்பும் இருக்கிறது. நெரிசல் எந்தெந்த நாள்களில் வரும் என்பது முன்பே தெரிந்ததுதான். அந்த நாள்களுக்கு வேறு அட்டவணை போடலாம், மாற்றுப் பேருந்தைத் தயாராக வைக்கலாம். குறைந்தது, காத்திருப்போருக்கு உண்மையான நேரத்தையாவது சொல்லலாம். உல்லாசம் போகிறவருக்குத் தாமதம் எரிச்சலோடு முடிந்துவிடும். மேலே ஹோட்டலிலும் சமையற்கூடத்திலும் பாதுகாவல் பணியிலும் முறைவேலை பார்ப்பவருக்கு அது வேலைப் பிரச்சினை.

இறக்கத்தில் அவசரம் வேண்டாம்

ஒன்றரை மணி நேரம் தாமதமான பேருந்தில் ஏறியதும் நாம் சொல்லக்கூடிய வார்த்தை ஒன்று உண்டு: “அண்ணே, கொஞ்சம் வேகமாகப் போங்க, பஸ் போயிரும்!” டிபிஎஸ் முனையத்தில் தெலுக் இந்தானுக்கோ சுங்கை சிப்புட்டுக்கோ அடுத்த பேருந்து காத்திருக்கும். அவசரம் இயல்பானதுதான். ஆனால், அந்த வார்த்தையை மலை இறக்கத்தில் சொல்லக்கூடாது.

ஆள்களோடு சேர்த்துப் பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள பேருந்து இறங்கும்போது, அதைத் தடுத்துப் பிடிக்கும் வேலை முழுவதையும் பிரேக்கிடமே விட்டால் பிரேக் சூடேறும். சூடேறச் சூடேற அதன் பிடி தளரும். அதனால்தான் அனுபவமுள்ள ஓட்டுநர் குறைந்த கியரில், இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி மெதுவாக இறக்குவார். அதைத் தாமதம் என்று எண்ணக்கூடாது. நம்மைக் காப்பது அந்த வேகம்தான்.

2013 ஆகஸ்டு 21-ஆம் தேதி, கெந்திங்கிலிருந்து கீழே இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் உயிரிழந்தனர். நாட்டின் மிக மோசமான சாலை விபத்துகளில் ஒன்று அது. 2024 ஜூன் மாதத்திலும் அந்த மலைச்சாலையில் சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து சீன நாட்டுப் பயணிகள் இருவர் மாண்டனர்.

புறப்படும் முன்

* முடிந்தால் வார நாளில் போகலாம். விடுமுறையில்தான் முடியும் என்றால், காலை முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடிப்பது நல்லது. அதற்கு முன்னால் சேர்ந்த தாமதம் குறைவாக இருக்கும்.

* இறங்கும் பேருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கேபிள் கார் வரிசைக்கு வந்துவிடவேண்டும். நெரிசல் நாள்களில் அதற்கும் முன்பே வரலாம்.

* அன்றிரவே வெளியூர்ப் பேருந்தோ இரயிலோ பிடிக்கவேண்டும் என்றால், இரண்டுக்கும் நடுவில் குறைந்தது மூன்று மணி நேரம் விடவேண்டும்.

* கோயில், இளைஞர் மன்றம், பள்ளி சார்பில் குழுவாகப் போகும்போது, வாடகை குறைவு என்பதற்காகத் தொழிற்சாலைப் பேருந்தை அமர்த்தக்கூடாது. சுற்றுலா உரிமம் உண்டா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யவேண்டிய புஸ்பாகோம் சோதனை முடிந்ததா, ஓட்டுநர் மலைச்சாலையில் பழகியவரா என்று கேட்பது நம் உரிமை.

* 2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்திலும் சுற்றுலாப் பேருந்திலும் சீட் பெல்ட் அணிவது கட்டாயம். பிள்ளைகளுக்கும் மாட்டிவிடவேண்டும்.

* சேவை மோசமாக இருந்தால் பயணச்சீட்டையும் நேரத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட்டிடம் புகார் செய்யலாம். ஓட்டுநர் ஆபத்தாக ஓட்டினாலும் அப்படியே.

தவறவிட்ட பேருந்துக்கு மறுநாள் இன்னொரு சீட்டு வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் அம்மா அப்பா காத்திருந்தால், “கொஞ்சம் நேரமாகும், சாப்பிட்டுப் படுங்கள்” என்று ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். ஓட்டுநரை மெதுவாகவே இறங்க விடுங்கள்.