மூச்சுக்கும் மின்சாரம் வேண்டும்

தேர்த்திருவிழாவின்போது தேர் நகர நகர அந்தந்த வீதிக்கு மின்சாரத்தை நிறுத்துவது வழக்கம். காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாளின் வைகாசித் தேருக்கும் அப்படித்தான். பாதுகாப்புக்கு அது வேண்டியதே. மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலை 9 மணிக்குப் போன கரண்ட் மாலையில்தான் வரும். வீட்டில் வென்டிலேட்டர் வைத்திருப்பவருக்கு இந்த நேரங்களைத் தாண்டுவதே பெரும்பாடு.

அப்படிக் கருவியை நம்பியிருப்பவர்களில் தசைச்சிதைவு நோயாளிகளும் உண்டு. அந்த நோயில் உதரவிதானம் மெல்லத் தளர்கிறது. அது முதலில் தெரிவது தூக்கத்தில். கனவு வரும் உறக்கத்தில் மற்ற சுவாசத் தசைகள் ஓய்ந்துவிட, உதரவிதானம் மட்டுமே மூச்சிழுக்கும். அதற்கும் வலுவில்லையென்றால் கரியமில வாயு ரத்தத்தில் தங்கிவிடும். எழும்போதே தலைவலி, பகலெல்லாம் தூக்கம். உடனே ஆக்சிஜன் சிலிண்டரைத் தேடுகிறோம். ஆனால், ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் கரியமில வாயு இன்னும் ஏறக்கூடும். இவர்களுக்குத் தேவை, காற்றை உள்ளே தள்ளும் கருவி. பைபேப் அதைத்தான் முகமூடி வழியாகச் செய்கிறது: மூச்சிழுக்கும்போது கூடுதல் அழுத்தம், விடும்போது குறைந்த அழுத்தம்.

பைபேப் 50 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், நாள் முழுக்க ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். வீட்டுக்கான இலவச 100 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். கூடவே 350 வாட் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரும் ஓடினால் மேலும் 500 யூனிட் ஆகும். கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசமாகத் தரும் மாநிலம் இது. தறி ஓடும் அதே வீட்டில் ஒருவரின் மூச்சுக்கும் அப்படியொரு சலுகை தருவது நியாயம். ஆஸ்திரேலியாவில் உயிர்காக்கும் கருவியுள்ள வீடுகளை மின் நிறுவனங்கள் பதிவு செய்துகொள்கின்றன. திட்டமிட்ட மின்தடை என்றால் குறைந்தது 4 வேலை நாள்களுக்கு முன்பே சொல்லியாக வேண்டும். நம் மின்வாரியப் பிரிவு அலுவலகங்களிலும் இப்படியொரு பட்டியல் வைக்கலாம்.

கருவி நின்றால் கைதான் துணை. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மருத்துவர் பியோர்ன் இப்சன் காட்டிய வழியில் சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்துக் கையால் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தவர் இருக்கும் வீட்டில், ஆம்பு பையை அழுத்தவும் சளியை உறிஞ்சி எடுக்கவும் இருவராவது பழகியிருக்க வேண்டும். ஒருவரே இரவும் பகலும் விழித்திருக்க முடியாது.

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், வயிற்றுவழி டயாலிசிஸுக்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. அதே கைகளில் முகமூடி, வடிகட்டி, சளிக்குழாய் ஆகியவற்றையும் கொடுத்தனுப்பலாம். போகிறவர் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்த்துவிட்டு வரலாம்.