5 நாள் லீவில் இமயமலை ஹோம்ஸ்டே ட்ரெக்: பாலாநகரிலிருந்து கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"இந்த வருஷமாவது லடாக் போயிடணும்" என்று பேசாத வாட்ஸ்அப் குழு ஹைதராபாத்தில் இருக்காது. பாலாநகர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்ப்பவராக இருந்தாலும் சரி, அங்கே அறை எடுத்துத் தங்கி மெட்ரோவில் ஆஃபீஸ் போய் வருபவராக இருந்தாலும் சரி, கணக்கு ஒன்றுதான். லீவு கம்மி, ஆசை பெரிது. அதனால் பிளான் போடும்போது முதலில் வெட்டப்படுவது லே நகரில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிய நாட்கள். வெட்டவே கூடாததும் அவைதான். ஏன் என்பதையும், பையில் என்ன வைக்க வேண்டும், என்ன வேண்டாம் என்பதையும் பார்ப்போம்.

ஹோம்ஸ்டே ட்ரெக் என்றால் என்ன?

டென்ட், சமையல் பாத்திரம், ஸ்லீப்பிங் பேக் எதையும் சுமக்காமல் ஊர் ஊராக நடப்பதுதான் ஹோம்ஸ்டே ட்ரெக். பகலில் நடை, இரவில் கிராமத்து வீட்டில் சாப்பாடும் படுக்கையும். முதல் முறை போகிறவர்களுக்கு ஏற்றது லடாக்கின் ஷாம் பள்ளத்தாக்கு வழி. லிகிர் கிராமத்தில் தொடங்கி யாங்தாங், ஹெமிஸ் ஷுக்பாசன் வழியாக தெமிஸ்காமில் முடியும். தினமும் சுமார் 3 முதல் 5 மணி நேரம் நடந்தால் போதும். வழியில் வரும் கணவாய்கள் 3,500 முதல் 3,800 மீட்டர் உயரத்துக்குள் இருப்பவை. 'பேபி ட்ரெக்' என்று இதற்கு ஒரு செல்லப்பெயரும் உண்டு. அந்தப் பெயரை நம்பி அசட்டையாகப் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். புகழ்பெற்ற ஹெமிஸ் மடாலயம் லேக்குத் தென்கிழக்கே இருக்கிறது. ஹெமிஸ் ஷுக்பாசன் கிராமம் இருப்பது மேற்குப் பக்கம். வண்டி பேசும்போது வெறுமனே 'ஹெமிஸ்' என்று சொன்னால் வேறு ஊரில் போய் இறங்க நேரலாம்.

ஹோம்ஸ்டே எப்படி வந்தது?

இதன் பின்னணியில் பனிச்சிறுத்தை இருக்கிறது. லடாக் கிராமங்களில் பனிச்சிறுத்தை இரவில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கொன்றுவிடும். ஒரே இரவில் பல ஆடுகளை இழக்கும் குடும்பத்துக்கு அந்த மிருகத்தின் மேல் கோபம் வருவதில் ஆச்சரியம் இல்லை. 2000-களின் தொடக்கத்தில், லேயில் இயங்கும் ஸ்னோ லெப்பர்ட் கன்சர்வன்சி அமைப்பு கிராம மக்களோடு சேர்ந்து இதற்கு ஒரு வழி தேடியது. ஹெமிஸ் தேசியப் பூங்காவில் உள்ள ரும்பாக் போன்ற கிராமங்களில், வரும் பயணிகளை வீட்டிலேயே தங்கவைத்து வருமானம் பார்க்கும் ஏற்பாடு தொடங்கியது. பனிச்சிறுத்தை உயிரோடு இருந்தால் ஊருக்கு லாபம் என்ற நிலை உருவானது.

பெரும்பாலும் வீட்டுப் பெண்களே இதை நடத்துகிறார்கள். பல கிராமங்களில் முறைவைத்து ஒவ்வொரு வீடாக விருந்தாளிகளை அனுப்புவார்கள். "இன்ஸ்டாவில் பார்த்த அந்த வீடுதான் வேணும்" என்று அடம்பிடித்தால் இன்னொரு குடும்பத்தின் முறையைத் தட்டிப் பறிப்பதாகிவிடும்.

லேயில் ஏன் 3 நாள்?

ஹைதராபாத் கடல்மட்டத்திலிருந்து சுமார் 540 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லே சுமார் 3,500 மீட்டர். டெல்லியிலிருந்து லேக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். அதற்குள் உங்கள் உடல் 3 கிலோமீட்டர் ஏறிவிடுகிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தை விட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. உடல் இதற்குப் பழக நாள் கணக்கில் நேரம் வேண்டும்.

"நான் தினமும் ஜிம் போறேன், எனக்கு என்ன ஆகும்?" என்று கேட்கலாம். உடற்பயிற்சி கால்களுக்கு உதவும், உயர நோயைத் தடுக்காது. ஃபிட்டாக இருப்பவர்கள் முதல் நாளே வேகமாக ஏறி இறங்கிச் சிக்கலில் மாட்டுவதும் உண்டு.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். பெரும்பாலும் போய்ச் சேர்ந்த சில மணி நேரத்தில், முதல் இரவுக்குள் தலைகாட்டும். ஓய்வு எடுத்தால் பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும். சரியாகும்வரை இன்னும் உயரமான இடத்துக்குப் போகக் கூடாது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது ஆகிய மூன்றும் அபாய அறிகுறிகள். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்வதன் அடையாளமாக இருக்கலாம். "காலையில் பார்த்துக்கலாம்" என்று படுக்கப் போகக் கூடாது. உடனே மருத்துவமனை, அல்லது உடனே கீழே இறக்கம். லேயில் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனை இருக்கிறது. உயர நோய் அங்குள்ள டாக்டர்கள் அன்றாடம் பார்ப்பதுதான், தயங்காமல் போங்கள்.

டயமாக்ஸ் என்ற பெயரில் விற்கும் அசெட்டசோலமைடு மாத்திரை, உடல் பழகுவதை விரைவுபடுத்த உதவும். ஆனால் நண்பர் சொன்னார் என்று வாங்கிப் போடாதீர்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை, சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்களுக்கு ஆபத்தாகலாம். இதயம், நுரையீரல் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் போடும் முன்பே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

5 நாள் லீவில் இது முடியுமா?

முடியும். இரண்டு வார இறுதிகளையும் சேர்த்தால் 9 நாள் கிடைக்கிறது.

- வெள்ளி இரவு: ஆஃபீஸ் முடித்து ஹைதராபாத்திலிருந்து டெல்லி. லே விமானங்கள் பெரும்பாலும் முற்பகலில்தான் கிளம்பும்.
- சனி: லே வந்து சேர்ந்ததும் முழு ஓய்வு. சாப்பாடு, தண்ணீர், தூக்கம். மதுவும் சிகரெட்டும் வேண்டாம்.
- ஞாயிறு: கடைத்தெருவில் மெதுவாக நடை.
- திங்கள்: காரில் ஷே, திக்சே மடாலயங்கள். மீண்டும் லேயில் தூக்கம்.
- செவ்வாய்: காரில் லிகிர், அங்கிருந்து நடந்து யாங்தாங்.
- புதன்: ஹெமிஸ் ஷுக்பாசன். 'ஷுக்பா' என்றால் லடாக்கி மொழியில் ஜூனிபர் மரம். ஊரில் அந்த மரத்தோப்பு இருக்கிறது.
- வியாழன்: தெமிஸ்காம். மற்ற ஊர்களை விடத் தாழ்வான இடம், தூக்கம் நன்றாக வரும்.
- வெள்ளி: காரில் லே திரும்புதல்.
- சனி: ஊருக்கு விமானம்.
- ஞாயிறு: கையிருப்பு நாள்.

அந்தக் கடைசி ஞாயிறு வீண் இல்லை. வானிலை சரியில்லை என்றால் லே விமானங்கள் ரத்தாகும். திங்கட்கிழமை ஆஃபீஸில் இருந்தே ஆக வேண்டும் என்றால் சனிக்கிழமை டிக்கெட்தான் பாதுகாப்பு.

இந்த வழியில் இன்னொரு வசதியும் உண்டு. இரவு தங்கும் எல்லா ஊருக்கும் சாலை இருக்கிறது. யாருக்காவது முடியவில்லை என்றால் வண்டியை வரவழைத்து லே திரும்பிவிடலாம். அதனால் டிரைவரின் எண்ணைத் தாளிலும் எழுதி வையுங்கள்.

கூடுதலாக 3, 4 நாள் லீவு கிடைத்தால் ஶ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாகச் சாலையில் வரலாம். உயரம் படிப்படியாகக் கூடும். மணாலி சாலை அப்படி இல்லை. வழியில் சர்ச்சுவில் இரவு தங்க நேர்ந்தால், லேயை விடவும் உயரத்தில், 4,200 மீட்டருக்கு மேல், தூங்க வேண்டிவரும்.

எப்போது போகலாம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். லடாக் மழைமறைவுப் பகுதி என்பதால் நம்மூர் பருவமழை அங்கே அவ்வளவாகப் போகாது. ஆனாலும் ஜூலை, ஆகஸ்டில் திடீர் மழையும் சாலை அடைப்பும் நடக்கும். செப்டம்பரில் வானம் தெளிவு, கூட்டம் குறைவு, இரவுக் குளிர் அதிகம்.

பாலாநகரில் இருந்தே பயிற்சி எடுப்பது எப்படி?

8 வாரம் முன்பே தொடங்குங்கள். மெட்ரோ நிலையத்தில் எஸ்கலேட்டரை மறந்துவிட்டுப் படியில் ஏறுங்கள். வாரம் 4 நாள், 45 நிமிட வேக நடை. கடைசி நான்கு வார இறுதிகளில், ட்ரெக்குக்குக் கொண்டுபோகும் அதே பையில் 6 கிலோ எடை வைத்து, அதே ஷூவைப் போட்டு நடக்க வேண்டும். போங்கீர் கோட்டைப் பாறை, விகாராபாத் பக்கம் அனந்தகிரி மலை இரண்டும் ஒருநாள் பயணத்தில் போய் வரக்கூடியவை. புது ஷூவை லேயில் முதன்முதலாகப் போட்டால் இரண்டாம் நாளே கொப்புளம் நிச்சயம்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

மொத்த எடை தண்ணீரோடு 8 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

- உடை: நடக்க 2 டிரை-ஃபிட் சட்டை, 2 பேன்ட். வெயிலுக்கு முழுக்கை நல்லது. பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காற்றடித்தால் குளிரும். இரவுக்கு ஒரு தெர்மல் செட், ஒரு ஃபிளீஸ், ஒரு மெல்லிய பஃபர் ஜாக்கெட், மேலே காற்றும் மழையும் தடுக்கும் ஒரு ஜாக்கெட்.
- காலுக்கு: பழகிய ட்ரெக்கிங் ஷூ, 3 ஜோடி சாக்ஸ், வீட்டுக்குள் போட ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ்.
- வெயிலுக்கு: அகலத் தொப்பி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன், லிப் பாம். குளிராக இருந்தாலும் வெயில் தோலை எரித்துவிடும்.
- தண்ணீருக்கு: 1 லிட்டர் பாட்டில் இரண்டு, குளோரின் மாத்திரை. தங்கும் வீட்டில் கொதித்த தண்ணீர் கேட்டு வாங்கி நிரப்புங்கள்.
- மருந்து: ஓஆர்எஸ், பாராசிட்டமால், கொப்புளத்துக்கு டேப், டாக்டர் எழுதிய மாத்திரைகள் சீட்டோடு.
- மற்றவை: ஹெட்லேம்ப், பவர் பேங்க், அடையாள அட்டை, சில்லறை நோட்டுகள், குப்பைக்கு ஒரு பை, படுக்கை விரிப்பாக ஒரு மெல்லிய லைனர்.

பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்-மணி. பொதுவான வரம்பான 100-க்குள் இருப்பதால் அனுமதி உண்டு.

இன்னொரு முக்கியமான விஷயம் சிம். மற்ற மாநிலங்களில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். கிராமங்களில் அதுவும் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். யுபிஐ-யை நம்பாமல் லேயிலேயே ஏடிஎம்-மில் பணம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் போனதும்?

'ஜூலே' என்று வணக்கம் சொல்லுங்கள், நன்றிக்கும் அதே சொல்தான். வீட்டு அம்மாவை 'ஆமா-லே' என்று கூப்பிடலாம். 'லே' என்பது நம் 'ங்க' போல மரியாதைக்கு. சாப்பாடு துக்பா, ஸ்கியூ, கம்பீர் ரொட்டி, உப்பு போட்ட வெண்ணெய்த் தேநீர் என்று இருக்கும். சைவம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். சாம்பார் பொடியும் ஊறுகாயும் கொஞ்சம் கொண்டுபோகலாம், தப்பில்லை.

பாரம்பரியக் கழிப்பறை உலர் வகை. மேலே மண் தூவுவார்கள், மக்கியபின் வயலுக்கு எருவாகப் போகும். அதில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினால் மக்கும் வேலை கெடும். வெட் டிஷ்யூ, நாப்கின் எதுவும் உள்ளே போகக் கூடாது, உங்கள் குப்பைப் பையிலேயே லே வரை திரும்பி வர வேண்டும். அந்த ஊர்களுக்குத் தண்ணீர் பனி உருகிக் கால்வாயில் வருவது. தினமும் குளிக்க வெந்நீர் கேட்காமல் இருப்பது நல்ல விருந்தாளிக்கு அழகு.

புக் செய்யும் முன் டிராவல் இன்சூரன்ஸில் எத்தனை மீட்டர் உயரம்வரை கவர் ஆகும் என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். குழுவில் போகிறீர்கள் என்றால், "யாருக்கு அறிகுறி வந்தாலும் மறைக்காமல் சொல்லணும், அவரைத் தனியாக விட்டுட்டு யாரும் மேலே போகக் கூடாது" என்று கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே போனபிறகு, தலைவலியோடு ஒருவர் படுத்திருக்கும்போது, அந்தப் பேச்சைத் தொடங்குவது கஷ்டம்.