செக்கடியில் விளைந்த முத்து

"ஐயா, துன்பப்பட்டவர்களெல்லாம் ஞானிகளாகிவிட்டார்களா?" என்று நம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். துன்பமே மனிதனைப் பண்படுத்தும் என்று அப்பொழுதுதான் நாம் பாடம் சொல்லி முடித்திருந்தோம். விடை உடனே தோன்றவில்லை.

மாலையில் தூத்துக்குடித் துறைமுகப் பக்கம் சென்றபோது, 2011 முதல் அத்துறைமுகம் தாங்கி நிற்கும் பெயரே விடையாக எதிர்ப்பட்டது: வ. உ. சிதம்பரனார்.

1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவி, வெள்ளையர் கம்பெனிக்கு எதிராகக் கொழும்புக்குக் கப்பல் விட்ட வக்கீல் அவர். 1908 ஜூலையில் அவருக்குக் கிடைத்த தீர்ப்பு இரட்டை ஆயுள் தண்டனை. ஆண்டுக் கணக்கில் நாற்பது! கோயமுத்தூர்ச் சிறையில் மாடு இழுக்கும் செக்கை அவர் இழுத்தார். கப்பலோட்டிய கைக்கு இதனினும் பெரிய அவமானம் உண்டோ?

அச்சிறைவாசத்தினிடையே அவர் செய்த காரியந்தான் நம்மை வியக்கச் செய்கிறது. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயர், விடியற்காலையில் குன்றேறித் தியானம் செய்து சிந்தனை நூல்கள் எழுதியவர். அவருடைய நூலொன்றைத் தமிழாக்கினார் பிள்ளை. 1909-இல் 'மனம்போல வாழ்வு' என்று அது வெளிவந்தது. ஆங்கிலேயர் சிறையில் கிடந்தவர் ஓர் ஆங்கிலேயரையே ஆசானாகக் கொண்டார்! அடிமைத்தனத்தைப் பகைத்த அந்நெஞ்சம் மனிதரைப் பகைக்கவில்லை. 'மெய்யறம்' என்னும் அறநூலும் சிறையில் பிறந்ததே.

1912 டிசம்பரில் அவர் விடுதலை பெற்றபோது கம்பெனி கலைந்திருந்தது. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. வறுமை 1936-இல் அவர் மறையும் வரை தொடர்ந்தது. உள்ளத் தெளிவு உலைக்கு அரிசி தருவதில்லை. அதை மறைப்பது நேர்மையன்று. ஆயினும், சன்னது திரும்பக் கிடைக்க உதவிய வாலேஸ் துரையின் நினைவாகத் தம் மைந்தனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். கசப்பு குடிகொண்ட நெஞ்சில் இந்நன்றி முளைக்குமா?

இக்கடலில் முன்னாளில் முத்துக் குளித்தவர்கள் கல்லின் பாரத்தால் ஆழத்திற்கு இறங்கினார்கள். கல் இறக்கிவிடும், அவ்வளவே. மூச்சை அடக்கி, கண் விழித்துத் தேடியவனுக்கே சிப்பி அகப்பட்டது. துன்பம் அக்கல், சிந்தனையே அம்மூச்சு.

மறுநாள் அம்மாணவனிடம் இதையே சொன்னோம்: "துன்பம் எல்லோருக்கும் வரும், தம்பி, அதனோடு தனியே அமர்ந்து எண்ணிப் பார்ப்பவன்தான் முதிர்கிறான்."