இறங்கி வந்த சந்ததி

1871-ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வின் மனித குலத்தின் தோற்றத்தை ஆராய்ந்து வெளியிட்ட நூலுக்கு ஆங்கிலத்தில் ‘டிசென்ட் ஆஃப் மேன்’ என்று பெயர் சூட்டினார். அதே ஆண்டில் லைப்ஸிக் நகரத்து விலங்கியல் அறிஞரான விக்டர் காருஸ் அதனை ஜெர்மானிய பாஷையில் பெயர்த்தபோது ‘டிசென்ட்’ நின்ற இடத்தில் ‘அப்ஷ்டாமுங்’ என்ற சொல்லை வைத்தார். மறு ஆண்டில் வந்த பிரெஞ்சுப் பதிப்போ ‘தெஸாந்தான்ஸ்’ என்ற சொல்லைத் தாங்கி வந்தது. நூல் ஒன்று, கருத்தும் ஒன்று. ஆயினும் ஆங்கிலச் சொல்லும் பிரெஞ்சுச் சொல்லும் மேலிருந்து கீழே இறங்குவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தவை. ஜெர்மானியச் சொல்லோ அடிமரத்தைக் குறிக்கும் ‘ஷ்டாம்’ என்பதிலிருந்து கிளைத்தது. அண்டை அயலில் வாழும் மூன்று சமூகத்தார் ஒரே உறவை இவ்வாறு இருவேறு கோலத்தில் கண்டிருப்பது நின்று சிந்திக்கத் தக்க விஷயம்.

இறக்கத்தைக் குறிக்கும் பிரெஞ்சு, ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்கும் தாய் ‘டெஸ்கெண்டெரே’ என்னும் லத்தீன் வினை. அதில் ‘டெ’ என்னும் முன்னொட்டு கீழ்நோக்கிய திசையையும், ‘ஸ்கண்டெரே’ என்னும் பகுதி ஏறுதலையும் உணர்த்தும். இந்த ‘ஸ்கண்டெரே’, துள்ளுதல், பாய்தல் என்னும் பொருளுடைய ‘ஸ்கந்த்’ என்ற வடமொழித் தாதுவோடு உடன்பிறந்தது என்பர் மொழிநூலார். கந்தன் என்று நாம் வழங்கும் திருநாமத்தின் மூலமான ஸ்கந்தன் என்ற பெயரையும் அத்தாதுவினின்றே வருவிப்பராதலின், பாரிஸ் நகரத்தில் ரயில் வண்டியை விட்டு இறங்குகிறவன் சொல்லும் சொல்லும், பழனி மலையேறும் பக்தன் கூவும் நாமமும் ஒரு தொல்குடியின் இரு கிளைகள் என்று கொள்ளலாம்.

உடல் இறங்குவதைச் சொன்ன வினை குலத்தின் தொடர்ச்சிக்கும் உரியதாகி நிலைபெற்றதில் சட்டத்தின் பங்கு பெரிது. ரோமானியச் சட்ட நூலார் பெற்றோர், பாட்டன், பூட்டன் ஆகியோரை ஏறுமுக வரிசையிலும், மக்கள், பேரர், கொள்ளுப்பேரர் ஆகியோரை இறங்குமுக வரிசையிலும் வைத்து உறவின் படிகளை எண்ணினார்கள். 1804-ல் நெப்போலியன் பிறப்பித்த பிரெஞ்சுச் சிவில் சட்டமும் அப்பாகுபாட்டையே ஏற்றுக்கொண்டது. 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு பிரெஞ்சு மொழி அந்நாட்டுச் சட்டத்தில் நெடுங்காலம் கோலோச்சியமையால், இந்த வழக்கு அங்கேயும் வேரூன்றியது. வேரூன்றியதோடு நில்லாமல் மனிதருடைய சொத்துரிமையையும் அது ஆண்டது. பிராக்டன் பெயரால் வழங்கும் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சட்ட நூல், உரிமை என்பது கனத்த பொருளைப்போல நேரே கீழ்நோக்கி விழுமேயன்றி வந்த வழியே திரும்ப ஏறாது என்று விதித்தது. பிள்ளையில்லாமல் மகன் இறந்துபோனால் அவனுடைய நிலம் உடன்பிறந்தாரைச் சேரும். அவர்களும் இல்லையேல் சிற்றப்பனுக்குக்கூடப் போகும். பெற்ற தந்தைக்கு மாத்திரம் போகாது. பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லியம் பிளாக்ஸ்டன் ஆங்கிலச் சட்டத்தைத் தொகுத்து விளக்கியபோதும் இவ்விதி உயிரோடிருந்தது. 1833-ஆம் ஆண்டுச் சட்டமே அதை நீக்கியது. ஒரு சொல் தன்னுள் ஏந்திய உருவகம் எத்தனை தகப்பன்மாரை வெறுங்கையோடு நிறுத்தியிருக்கிறது என்பதை எண்ணும்போது, சொற்களை அற்பமாகக் கருதுவது பிழை என்பது விளங்கும்.

ஜெர்மானியர் சென்ற மார்க்கம் வேறு. அவர்கள் சந்ததியாரைப் பின்னால் வருபவர் என்ற பொருளில் ‘நாஹ்கொம்மென்’ என்றும், பின்னால் பயணம் செய்பவர் என்ற பொருளில் ‘நாஹ்ஃபாரென்’ என்றும் அழைக்கிறார்கள். மூதாதையர் முன்னால் பயணம் போனவர்கள், அதாவது ‘ஃபோர்ஃபாரென்’. 1900-ல் அமலுக்கு வந்த அவர்களுடைய சிவில் சட்டம், முதல் வரிசை வாரிசுகளை ‘அப்கொம்லிங்கெ’, அதாவது ஒருவரிடமிருந்து வந்தவர்கள், என்று குறிப்பிடுகிறது. பேரனைக் குறிக்கும் ‘எங்கெல்’ என்ற சொல்லோ, பாட்டனைக் குறிக்கும் பழஞ்சொல்லோடு சிறுமைப் பொருள் தரும் விகுதி சேர்ந்து உண்டானது. பேரனிடத்தில் பாட்டனே சிற்றுருவாக மீண்டும் வருகிறான் என்ற எண்ணம் அதில் பொதிந்திருக்கிறது. இறங்குதலை உணர்த்தும் ‘அப்ஷ்டீக்’ என்ற சொல்லுக்கு இக்குடும்பத்தில் இடமில்லை. மலையினின்று இறங்குதலையும், நிலை தாழ்தலையும், கால்பந்துக் குழு கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படுதலையுமே அது குறிக்கும். ஹெக்கல் முதலிய விஞ்ஞானிகள் ‘டெஸ்ட்செண்டென்ஸ்’ என்ற லத்தீன் இரவலைச் சாஸ்திர நூல்களில் வழங்கினார்கள் என்றாலும், வீட்டு மொழியில் அது குடியேறவில்லை.

ஆனால் ஐரோப்பியர் கண்ணால் பார்த்து வணங்கிய சித்திரங்களில் சந்ததி இறங்கவில்லை, ஏறியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்துச் சார்த்ர் பேராலயத்தில் அமைந்த கண்ணாடிச் சாளரத்தில் ஈசாய் என்னும் முதியவர் அடியில் படுத்திருக்க, அவர் உடலினின்று எழும் விருக்ஷத்தில் அவர் வழிவந்த அரசர்கள் படிப்படியாக மேலே வீற்றிருக்க, உச்சியில் கிறிஸ்து நாதர் விளங்குகிறார். வம்ச வரலாற்றை ‘ஷ்டாம்பௌம்’, அதாவது குலமரம், என்று சொல்லும் ஜெர்மானியச் சொல் இச்சித்திரத்தோடு பொருந்துகிறது. ஆங்கிலேயருக்கும் ‘ஆஃப்ஸ்பிரிங்’ என்ற பழைய சொந்தச் சொல் உண்டு. அதில் இருப்பதும் துளிர்த்து எழுதலே. பெற்ற மக்களையும் விலங்கின் குட்டிகளையும் அதற்கு விட்டுவிட்டு, பல தலைமுறை கடந்த வழியினருக்கு அவர்கள் பிரெஞ்சு இரவலை வைத்துக்கொண்டார்கள்.

இறங்குதல், வழிவருதல் என்று அந்த இரவல் சொல்லுக்குள்ள இரட்டைப் பொருளே டார்வினுடைய தலைப்பிலும் நின்றது. 1894-ல் ஹென்றி டிரம்மண்ட் தம் சொற்பொழிவுகளுக்கு ‘மனிதனின் ஏற்றம்’ என்று பெயரிட்டபோது, இறக்கத்துக்கு மறுதலையான சொல்லையே தேர்ந்துகொண்டார். டார்வின் கருதியதோ தாழ்வு அன்று. முன்னோர் வழியாக இடையறாது வந்த உயிர்த்தொடர்ச்சி. பிறமொழி நூல்களைத் தமிழில் தருவோர் இதனை மனத்தில் கொள்ள வேண்டும். ‘டிசென்ட்’ என்ற அவர் சொல்லை ‘இறக்கம்’ என்று பெயர்ப்பவர் ஆசிரியர் சொல்லாத இழிவைச் சொன்னவராவார். ‘வழிவழி வருதல்’ என்று பெயர்ப்பவரே அவர் கருத்தைச் சொன்னவராவார்.